பச்சைச் சீட்டும் பரிசுப் பொட்டலமும்

போன மாதம் எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஒரே விவாதம். நண்பர் ஒருவருக்கு அமெரிக்காவில் இருக்கும் மகள் பார்சல் அனுப்பியிருந்தாள். முழங்காலுக்குப் போடும் பட்டை, ஒரு ஸ்வெட்டர், பேரனின் போட்டோ அச்சடித்த காபிக் கோப்பை. தபால்காரர் வந்து, சுங்க வரி கட்டினால்தான் பொட்டலம் கைக்கு வரும் என்று சொல்லிவிட்டார். "கிஃப்ட்னு எழுதித்தானே அனுப்பியிருக்கா? கிஃப்டுக்கு ஏதுய்யா வரி?" என்று நண்பருக்கு ஒரே கோபம். ஒரு காலத்தில் அது நியாயமான கேள்விதான். அந்தக் காலம் எப்போது முடிந்தது என்று தேடிப் போனதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு வரி வாங்குவது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் வாங்குபவர்கள் பொதிகளின் மேல் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. திருக்குறளில் இந்த வரிக்கு 'உல்கு' என்று பெயர். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பட்டப்பெயர். வரியை எடுத்தவனுக்குப் பட்டம் கொடுத்தார்கள் என்றால், அந்த வரி ஜனங்களை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்! ஆனால் அதெல்லாம் வியாபாரியின் சரக்கு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் பொட்டலம் வரிக்காரர் கண்ணில் பட்டது, தபால் கடல் கடந்து பொட்டலம் சுமக்க ஆரம்பித்த பிறகுதான்.

1874இல் பெர்ன் நகரில் தொடங்கிய தபால் ஒன்றியத்தில் இந்தியா 1876 ஜூலை 1இல் சேர்ந்தது. பார்சல்களுக்கான ஒப்பந்தம் 1880இல் பாரிஸில் கையெழுத்தானது. நாட்டுக்கு நாடு ஒரே மாதிரிப் படிவம் வேண்டுமே? அப்படி வந்ததுதான் பார்சல் மேல் ஒட்டும் பச்சைச் சீட்டு. உள்ளே என்ன, எத்தனை, எடை என்ன, விலை என்ன, பரிசா விற்பனைப் பொருளா என்று அனுப்புகிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சின்னப் பொட்டலத்துக்கு சிஎன் 22, பெரியதற்கு சிஎன் 23. ஒன்றியத்தின் மொழி பிரெஞ்சு என்பதால் சீட்டின் தலைப்பில் 'டுவான்' என்ற சொல் இருக்கும். சுங்கம் என்று பொருள். அது அரபு, பாரசீக 'திவானி'லிருந்து ஐரோப்பாவுக்குப் போன சொல். நம் ஊர் சமஸ்தானங்களில் கணக்குப் பார்த்த திவானும் அந்தச் சீட்டில் இருக்கிற டுவானும் ஒரே குடும்பம்.

இந்தச் சீட்டைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கப்பலில் சரக்கு இறக்குகிற வியாபாரி தனியாக ஒரு விவரப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தபாலில் வருவதற்கு அது கிடையாது; மேலே ஒட்டிய சீட்டையே அந்தப் பத்திரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 82ஆம் பிரிவு சொன்னது. மகள் அவசரத்தில் நின்றுகொண்டே கிறுக்கிய நாலு வார்த்தை, சட்டப்படி அப்பாவின் இறக்குமதி அறிக்கை! அடுத்த பிரிவு, எந்த நாளின் வரி விகிதம் என்பதைச் சொல்கிறது. அனுப்பிய நாளும் இல்லை, உங்கள் கைக்கு வந்த நாளும் இல்லை. தபால் இலாகா பார்சல்களின் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுக்கும் நாள்தான் கணக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு வரியைவிடப் பெரிய தலைவலி ஒன்று வந்தது. 1947ஆம் ஆண்டு ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வரி கட்டத் தயார் என்றாலும் போதாது, பல பொருள்களுக்கு லைசென்ஸும் வேண்டும். 1992 வரை அந்தச் சட்டம் இருந்தது. வரியும் லேசுப்பட்டதல்ல. 1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உச்ச வரியைக் 'குறைத்து' நிறுத்திய இடமே 150 சதவீதம் என்றால், அதற்கு முந்தைய நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நூறு ரூபாய்ச் சாமானுக்கு நூற்றைம்பது ரூபாய் வரி என்பது சலுகை.

எண்பதுகளில் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். வரும் பார்சல்களில் பெரும்பாலும் 'பழைய துணிகள்' என்றுதான் எழுதியிருக்கும். பிரித்தால் கவர் பிரிக்காத நைலக்ஸ் புடவை இருக்கும், அதற்குள் சுற்றிய சென்ட் பாட்டில் இருக்கும். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. அதிகாரிகளும் முட்டாள்கள் இல்லை. சந்தேகப்பட்டதைப் பிரித்தார்கள், அவர்களே ஒரு விலை போட்டு வரி விதித்தார்கள். இரண்டு பக்கமும் தெரிந்தே ஆடிய ஆட்டம் அது. உண்மையான விலையை எழுதி அனுப்பிய அப்பாவிகள்தான் முழு வரியும் கட்டினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

1993 செப்டம்பரில் வந்த 171ஆம் எண் அறிவிக்கை இந்த விஷயத்துக்கு ஒரு மரியாதை கொடுத்தது. தபாலிலோ விமானத்திலோ வரும் உண்மையான பரிசுக்கு, குறிப்பிட்ட மதிப்பு வரை வரி இல்லை. அந்த வரம்பு இடையில் ஏறியது, இறங்கியது. 2019இல் 5,000 ரூபாயாக இருந்தது. நண்பர் மனதில் இருந்த 'கிஃப்டுக்கு வரி இல்லை' என்பது இந்த அறிவிக்கைதான்.

அதைக் கெடுத்தது மகள்களும் மருமகன்களும் இல்லை. செல்போனில் தட்டினால் சீனாவிலிருந்து சட்டை வரும் காலம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு விற்ற சாமானையே, ஆளுக்கொரு பொட்டலமாகப் பிரித்து, 'பரிசு' என்று எழுதி அனுப்பினார்கள் சில இணையக் கடைக்காரர்கள். வரியும் மிச்சம், கேள்வியும் இல்லை. உள்ளூரில் வரி கட்டி வியாபாரம் செய்தவர்கள் கூச்சல் போட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. 2019 டிசம்பர் 12இல் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஒரே அறிவிக்கையில் கதவைச் சாத்தியது. பரிசு என்ற பெயரில் தபாலிலோ கூரியரிலோ வரி விலக்கு கேட்க முடியாது. விதிவிலக்கு இரண்டே: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ராக்கியோடு சேர்த்து வரும் பரிசுக்குக்கூட விலக்கு இல்லை என்று அடைப்புக்குறிக்குள் எழுதினார்கள். (100 ரூபாய் அல்லது அதற்குக் கீழே வரும் வரியை வசூலிக்க வேண்டாம் என்று சுங்கச் சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு. ராக்கி அதில் தப்புகிறது.) முழு வரியையும் கட்டினால் பரிசை வாங்கிக்கொள்ளலாம்.

அந்த முழு வரி எப்படி ஏறுகிறது என்று நடைக் கோஷ்டியில் யாருக்கும் புரியவில்லை. கணக்கு இப்படித்தான். சாமான் விலையோடு தபால் செலவையும் கூட்டிக்கொள்வார்கள். அது 1,000 ரூபாய் என்று வையுங்கள். சுங்க வரி 10 சதவீதம் என்றால் 100. அந்த 100க்கு மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 10 ரூபாய். இப்போது 1,110 ஆயிற்றா? இந்த மொத்தத்தின் மேல் ஐஜிஎஸ்டி. 28 சதவீதம் என்றால் 310 ரூபாய் 80 காசு. ஆக மொத்தம் 420 ரூபாய் 80 காசு. தபால் செலவுக்கும் வரி, வரிக்கும் வரி. விகிதங்கள் பொருளுக்குப் பொருள், பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். ஏறும் வழி இதுதான்.

கோப்பைக்கும் ஸ்வெட்டருக்கும் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடலாம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை வேறு. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் ஆக்சிஜன் செறிவூட்டிகளை வாங்கிப் பெற்றோருக்கு அனுப்பத் துடித்தார்கள். ஆனால் பரிசுக் கதவுதான் 2019லேயே சாத்தியாகிவிட்டதே! ஏப்ரல் 30இல் இந்த ஒரு கருவிக்கு மட்டும் ஜூலை 31 வரை கதவைத் திறந்தார்கள். சொந்த உபயோகத்துக்கு வருவதற்கு ஐஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்ததை மே 1இல் 12 ஆக்கினார்கள். மாநில அரசு அங்கீகரித்த அமைப்புகள் இலவசமாக விநியோகிக்க வரவழைத்தால் அந்த வரியும் கிடையாது என்று மே 3இல் உத்தரவு வந்தது. வீட்டு விலாசத்துக்கு வந்தால் மட்டும் 12 சதவீதம்.

டெல்லியில் 85 வயது முதியவர் ஒருவர் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். அவருக்குக் கொரோனா. அமெரிக்காவிலிருந்து அக்கருவியை அனுப்பியவர் உறவுக்காரப் பிள்ளை. மே 21இல் தீர்ப்பு வந்தது. சொந்த உபயோகத்துக்குப் பரிசாக வரும் கருவிக்கு ஐஜிஎஸ்டி வாங்குவது, எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு விரோதம் என்றார்கள் நீதிபதிகள். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்தது. அரசு மேல்முறையீடு செய்தது. ஜூன் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வரி விஷயத்தில் கோர்ட் இவ்வளவு தூரம் இறங்கலாமா என்பது அரசுத் தரப்பின் கவலை. அது அற்பமான கவலை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூச்சு வாங்க வந்த பெட்டிக்குச் சதவீதம் போட்டதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. ஜூன் 12இல் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி வரியை 5 சதவீதமாக்கியது. செப்டம்பர் 30 வரைக்கும் மட்டும்.