வெற்றி என்பது யாது?
முதலாம் ஆப்கானியப் போர் (1838–1842) திருச்சபைக்கு உணர்த்துவது

போரில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்னும் வினாவுக்கு விடை எளிதெனவே பலரும் கருதுகின்றனர். களத்தில் எஞ்சி நிற்பவர் வென்றவர். களத்தை விட்டு ஓடியவர் தோற்றவர். ஆனால் ஓர் அரசு தன் எல்லைக்கு அப்பால் நெடுந்தொலைவிலுள்ள நாட்டிற்குள் படையைச் செலுத்தி, ஆண்டுக்கணக்கில் அங்கே நிறுத்தி, அந்நாட்டின் ஆட்சியையே மாற்றியமைக்க முற்படும்போது இவ்வளவுகோல் பயனற்றுப்போகிறது. களம்தோறும் வென்ற படை இறுதியில் வெறுங்கையுடன் திரும்புவதையும், திரும்பும் படை தன்னை வெற்றி வீரனாக அறிவித்துக்கொள்வதையும் வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவ்வாறாயின் வெற்றி என்பது யாது? அதை அளப்பவர் யார்? இவ்வினாக்களை முதலாம் ஆப்கானியப் போரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். இப்போர் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு, இந்திய வருவாயைச் செலவிட்டு நடத்தப்பெற்றதாகும். ஆதலால் இது நமக்கு அந்நியமான வரலாறு அன்று.

1. நோக்கமும் சாக்கும்

இரஷ்யாவின் செல்வாக்கு இந்திய எல்லையை நெருங்குகிறது என்ற அச்சம் அக்காலத்தில் கல்கத்தாவிலும் இலண்டனிலும் நிலவியது. பாரசீகர் ஹீரத் நகரை முற்றுகையிட்டிருந்தது அவ்வச்சத்தை வளர்த்தது. காபூலை ஆண்ட தோஸ்து முகம்மதுகானை நம்பலாகாது என்று முடிவுசெய்த தலைமை ஆளுநர் ஆக்லாந்து பிரபு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் அரியணையை இழந்து லூதியானாவில் கும்பினியாரின் உதவித்தொகையில் வாழ்ந்த ஷா சூஜாவை மீண்டும் முடிசூட்டத் தீர்மானித்தார். 1838 அக்டோபர் முதல் நாள் சிம்லாவிலிருந்து வெளியிட்ட அறிக்கையில், ஷா சூஜா ஆப்கானிய மக்களின் அன்பைப் பெற்றவர் என்றும், அவருடைய ஆட்சி நிலைபெற்றவுடன் ஆங்கிலப் படை திரும்பிவிடும் என்றும் அவர் உறுதி கூறினார்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. பாரசீகர் 1838 செப்டம்பரிலேயே ஹீரத் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினர். போருக்குக் கூறப்பட்ட முதன்மையான காரணம் நீங்கிற்று, போர் நீங்கவில்லை. சாக்கு மறைந்தபின்னும் படை நடந்ததெனில், அடையவேண்டிய இலக்கு எதுவென்று அதை நடத்தியவர்களே தெளிவாக அறிந்திருக்கவில்லை என்பது புலனாகிறது. இலக்குத் தெளிவற்ற போரில் வெற்றியை அடையாளங்காணுவது எங்ஙனம்?

2. வெற்றியெனத் தோன்றியது

1839 ஜூலையில் கஜினிக் கோட்டை வீழ்ந்தது. ஆகஸ்டு மாதம் ஷா சூஜா காபூலுக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் தோஸ்து முகம்மதுவே சரணடைந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். போர்க்கள அளவுகோலின்படி இது முழுமையான வெற்றியே. ஆனால் வாக்களித்தபடி படை திரும்பவில்லை, திரும்ப முடியவுமில்லை. ஷா சூஜாவின் அரியணை இரு தூண்களின்மீது மட்டுமே நின்றது: ஒன்று அந்நியப் படை, மற்றொன்று குலத்தலைவர்களுக்கு அளிக்கப்பட்ட பணம். செலவைக் குறைக்கக் கருதிய மக்நாட்டன் 1841இல் கில்சாய்த் தலைவர்களுக்குரிய தொகையைக் குறைத்தபோது, காபூலுக்கும் ஜலாலாபாத்துக்கும் இடைப்பட்ட மலைவழிகள் அடைபட்டன. மன்னரை மக்கள் விரும்பி ஏற்றிருப்பின் அவர்களுடைய அமைதியை விலைகொடுத்து வாங்கவேண்டிய தேவை எழுந்திராது.

3. தோல்வியும் அதன் கணக்கும்

1841 நவம்பர் 2ஆம் நாள் அலெக்சாண்டர் பர்ன்ஸ் காபூலில் கொல்லப்பட்டார். டிசம்பர் 23இல் மக்நாட்டனும் கொல்லப்பட்டார். 1842 ஜனவரி 6ஆம் நாள், ஏறத்தாழ 4,500 படைவீரரும், பணியாளரும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 12,000 பேரும் பனியினூடே காபூலைவிட்டுப் புறப்பட்டனர். ஒரு வாரத்தில் அப்படை அழிந்தது. ஜனவரி 13இல் மருத்துவர் பிரைடன் ஜலாலாபாத்தை அடைந்தார்.

பிரைடன் ஒருவரே உயிர்தப்பினார் என்று பாடநூல்களும் ஓவியங்களும் நிலைநாட்டிவிட்டன. உண்மை வேறு. பிணையாளிகளாயிருந்த ஆங்கிலேயர் பின்னர் மீட்கப்பட்டனர். இந்தியச் சிப்பாய்களிலும் பணியாளரிலும் பலர் உயிர் பிழைத்தனர், ஆனால் எவ்வாறு? சிலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். சிலர் பனியால் கைகால்களை இழந்து காபூல் தெருக்களில் இரந்துண்டனர். ‘ஒருவரே தப்பினார்’ என்னும் கூற்றில் இவர்கள் உயிரோடிருந்தவர்களாகவும் எண்ணப்படவில்லை. தோல்வியின் கணக்கை எழுதுபவர், யாருடைய இழப்பு இழப்பாகும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறார்.

4. அறிக்கையால் வந்த வெற்றி

ஆக்லாந்துக்குப் பின்வந்த எல்லன்பரோ பிரபுவுக்கு, படையைத் திரும்ப அழைப்பதும் தோற்று ஓடியதாகத் தோன்றாதிருப்பதும் ஒருங்கே தேவைப்பட்டன. 1842 செப்டம்பரில் தளபதி பொல்லாக்கின் படை காபூலை மீண்டும் கைப்பற்றியது. இஸ்தாலிப் என்னும் ஊர் சூறையாடப்பட்டது. காபூலின் புகழ்பெற்ற மூடுகடைத்தெரு அழிக்கப்பட்டது. பின்னர் அக்டோபரில் படை திரும்பிற்று. கஜினியில் மகமூதின் கல்லறையிலிருந்து பெயர்த்தெடுத்த கதவுகள், சோமநாதர் ஆலயத்துக்குரியவை என்று கூறப்பட்டு, வெற்றிச் சின்னமாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவை சோமநாதத்துக்குரியவையே அல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. அவை ஆக்ரா கோட்டையிலேயே தங்கிவிட்டன.

விக்கிரக ஆலயத்துக்குக் கிறிஸ்தவ அரசு மரியாதை செய்வதா என்ற கண்டனக்குரல் அக்காலத்தில் எழுந்தது. 1843இல் இங்கிலாந்தின் பாராளுமன்றத்திலும் மெக்காலே இதைக் கடிந்துரைத்தார். கதவுகளைப்பற்றி எழுந்த குரலின் வன்மையைக் கடைத்தெருவைப்பற்றியும் நாம் கேட்க விரும்புகிறோம். பக்தியின் தூய்மையைப்பற்றி உரத்துப் பேசுவதும் குடிமக்களின் பிழைப்பிடம் எரிவதைப்பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவதும் சபைக்குரிய பழைய சோதனையாகும்.

எல்லன்பரோவின் அறிக்கை 1842 அக்டோபர் முதல் நாளிட்டு, அதே சிம்லாவிலிருந்து, ஆக்லாந்தின் அறிக்கைக்குச் சரியாக நான்காண்டு கழித்து வெளிவந்தது. விருப்பமற்ற மக்கள்மீது ஒரு மன்னரைத் திணிப்பது ஆங்கில அரசின் கொள்கைக்கு ஒவ்வாது என்று அது கூறியது. ஷா சூஜா அதற்குள் கொலையுண்டிருந்தார். 1843இல் தோஸ்து முகம்மது காபூல் அரியணைக்குத் திரும்பி, 1863இல் இறக்கும்வரை ஆண்டார். 1855இலும் 1857இலும் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து, 1857 பெருங்கிளர்ச்சியின்போது அவர் நடுநிலை காத்தார். எவரை நீக்குவதற்காகப் பல்லாயிரவர் மாண்டனரோ, அவரிடமிருந்தே, எதற்காகப் போர் தொடுக்கப்பட்டதோ அந்த எல்லைப் பாதுகாப்புப் பேச்சுவார்த்தையால் கிட்டிற்று. பின்னாளில் இராணுவத் தலைமைக் குருவாயிருந்த ஜி. ஆர். கிளெய்க், இப்போரால் அரசியல் நன்மையோ படைத்துறை நன்மையோ விளையவில்லை என்று எழுதினார். அவர் கூற்றை மறுப்பது அரிது.

5. பின்வந்த இரு தலையீடுகள்

இதே நாட்டில் பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1979 டிசம்பரில் நுழைந்த சோவியத் படை, ஏறத்தாழ 15,000 வீரரை இழந்து 1989 பிப்ரவரி 15இல் அமு தரியா பாலத்தைக் கடந்து வெளியேறிற்று. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஆப்கானியர் அகதிகளாயினர். அது விட்டுச்சென்ற நஜிபுல்லாவின் ஆட்சி, உதவி நின்றபின் 1992 ஏப்ரலில் வீழ்ந்தது. 2001 அக்டோபரில் அமெரிக்கத் தாக்குதல் தொடங்கியது. சில வாரங்களில் தாலிபான் ஆட்சி அகன்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2021 ஆகஸ்டு 15இல், தாலிபான்கள் காபூலுக்குள் மீண்டும் நுழைந்தனர்.

மூன்று தலையீடுகளின் காலமும் கருத்தும் வெவ்வேறு. ஆங்கிலேயர் பேரரசைக் காக்க வந்தனர். சோவியத்தினர் பொதுவுடைமை அரசைக் காக்க வந்தனர். அமெரிக்கர் 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பதிலாக வந்தனர். கடைசியாகக் கூறிய காலத்தில் ஏராளமான பெண்குழந்தைகள் பள்ளிசென்றனர் என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் மூன்றிலும் ஒன்றுண்டு: தலைநகரைப் பிடிப்பது எளிதாயிருந்தது, அங்கே நிறுவிய ஆட்சி அந்நியத் துணையின்றி நிலைக்கவில்லை. வந்தவர் தோற்றால் வீடு திரும்பலாம். அந்நாட்டாருக்கோ திரும்பிச் செல்ல வேறு வீடு இல்லை.

6. திருச்சபையின் அளவுகோல்

போர்புரிவோரும் சமாதானத்தையே நாடுகின்றனர் என்றும், ஆனால் ஒவ்வொருவரும் தமக்கு இசைந்த சமாதானத்தையே விரும்புகின்றனர் என்றும் தூய அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ நூலின் பத்தொன்பதாம் பகுதியில் விளக்குகிறார். இக்கருத்தின்படி, வெற்றியை அளக்கவேண்டியது களத்தில் அன்று. படை சென்றபின் எஞ்சும் சமாதானத்தில். அச்சமாதானத்தில் வாழவேண்டியவர்களே அதற்குச் சான்று பகரத் தகுதியுடையவர்கள். லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், போருக்குப் புறப்படுமுன் உட்கார்ந்து ஆலோசிக்கும் அரசனைப்பற்றி இயேசு பெருமான் கூறுகிறார். அவ்வுவமை சீடத்துவத்தின் விலையைப்பற்றியதே. ஆயினும் பகைவன் தொலைவில் இருக்கும்போதே தூதனுப்பிச் சமாதானம் கேட்கும் அவ்வரசனை அவர் கோழையெனப் பழிக்கவில்லை என்பது கருதற்பாலது.

பம்பாய்க் கொலாபாவில் 1858இல் அர்ப்பணிக்கப்பட்ட தூய யோவான் ஆலயம், ‘ஆப்கான் சர்ச்’ என்றே வழங்குகிறது. சிந்து, ஆப்கானியப் போர்களில் மாண்டவர்களின் நினைவாலயம் அது. அதன் சுவரில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சாதாரண வீரர்கள் பெயரின்றி மொத்தமாகவே நினைவுகூரப்படுகின்றனர். இறந்தோருக்காகத் துக்கிப்பது சபையின் கடமை. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் சபையின் நினைவு அரசின் நினைவைவிட அகன்றதாயிருக்கவேண்டும். பெயரற்ற சிப்பாயும், சுமைதூக்கியும், கடையிழந்த காபூல் வணிகரும் அதில் இடம்பெறவேண்டும்.

ஆகவே, ஓர் அரசு வெற்றியென அறிவிக்கும்போது அவ்வறிவிப்பைப் பிரசங்கபீடத்திலிருந்து வழிமொழிவதற்கு முன், அருட்பணியாளராகிய நாம் மூன்று வினாக்களைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். தொடக்கத்தில் கூறிய நோக்கம் யாது? இறுதியில் எஞ்சியது யாது? அதைச் சுமப்பவர் யார்? இவற்றுக்கு விடை கிட்டாதவரை நன்றி ஆராதனை நடத்துவதற்கு விரையலாகாது. பரிந்துபேசும் மன்றாட்டையோ அதுவரை தாமதிக்கலாகாது.