உரக்கப் படித்த நூல்கள்: கெடாத் தமிழ்க் கிறிஸ்தவரின் பக்தி வாசிப்பும் அதன் வேர்களும்

விசுவாசத்தில் வளர எதைப் படிக்கலாம் என்ற கேள்விக்குத் தமிழ்க் கிறிஸ்தவம் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகிறது. பதில்கள் இரண்டு வகை. குருமாரும் மிஷன் சங்கங்களும் அச்சிட்டுப் பரிந்துரைத்த நூல்கள் ஒரு வகை. வீடுகளில் அட்டை கிழிந்து, மறுபடி தைக்கப்பட்டு, அடுத்த தலைமுறையின் கைக்குப் போன நூல்கள் இன்னொரு வகை. இரண்டும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங் முதல் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வரை பரவியிருக்கும் கெடாத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாசிப்பை அதன் வேரிலிருந்து தொடர்கிறது. ஒரு நூலை நிலைக்க வைத்தது அதன் இறையியல் ஆழம் மட்டுமன்று. ஒருவர் வாசிக்க வீடே உட்கார்ந்து கேட்க முடிந்த நூல்தான் நின்றது என்பதே என் முடிவு.

கடற்கரையில் தொடங்கிய வாசிப்பு

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம் கொண்டது. அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் போர்ச்சுக்கல் நாட்டு இயேசு சபைத் துறவி அன்றிக் அடிகளார். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். இந்தச் செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள இந்த முதல் நூல் மேலிருந்து இலவசமாக இறங்கி வந்ததன்று. மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த மக்கள் காசு போட்டு வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் 'அடியார் வரலாறு' வந்தது. அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட பெரிய நூல். இவற்றின் நடை கடற்கரைப் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமானது. பண்டிதர்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் கேட்டவர்களுக்குப் புரிந்தது.

அன்றைய கிறிஸ்தவக் குடியிருப்புகளில் குருவானவர் வருவது ஆண்டில் சில நாட்கள்தான். மீதி நாட்களில் செபம் சொல்லித்தருவதும், நோயாளியைப் பார்ப்பதும், சாவு வீட்டில் நிற்பதும் உபதேசியாரின் வேலை. அவரை மனத்தில் வைத்தே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அவருடைய 'தேம்பாவணி' கல்லூரிப் பாடத்தில் இடம்பிடித்துவிட்டது. 'வேதியர் ஒழுக்க'மோ பெயரளவில் மட்டும் நினைவில் இருக்கிறது. ஆன்மிக வளர்ச்சி என்ற நோக்கில் பார்த்தால் இரண்டாவதே தமிழ்க் கிறிஸ்தவத்தைக் கூடுதலாகத் தாங்கியது என்பேன். வாசிக்கத் தெரிந்த அந்த ஒரே மனிதர் என்ன படிக்கிறாரோ, அதுதான் ஊர் முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது.

தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய பிறகு புராட்டஸ்டன்ட் வாசிப்பு தனிப் பாதை எடுத்தது. வேதாகமத்தைச் சாதாரண மக்கள் கையில் கொடுப்பதே அதன் அடிப்படை. 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் உருவில் பெரியவை. கையிருப்புக் காகிதம் போதவில்லை. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறையை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. எழுத்து சிறுத்ததால்தான் புத்தகம் கையில் எடுத்துப் போகிற அளவுக்கு வந்தது. பின்னாளில் கடல் கடந்த தகரப் பெட்டிகளில் துணிமணிக்கு நடுவே வேதாகமத்துக்கு இடம் கிடைத்ததற்கு இந்த மாதிரித் தொழில்நுட்பத் தீர்வுகளும் காரணம்.

பட்டியல் போட்ட நூற்றாண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டு பட்டியல்களின் காலம். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மர்டாக் 1858இல் தொடங்கிய சங்கம் பின்னர் கிறிஸ்தவ இலக்கியச் சங்கமாயிற்று. அதுவரை அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தி 1865இல் அவர் வெளியிட்ட பட்டியலை இன்றைய தமிழ் ஆய்வாளரும் தேடிப் போகிறார்கள். மலிவு விலை, எளிய நடை, ஊர் ஊராகப் போய் விற்கும் புத்தகக்காரர் என்று மூன்றையும் அவர் சேர்த்து யோசித்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' 1841இலேயே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கர் பக்கம் 'சத்தியவேத பாதுகாவலன்' 1876இல் வந்தது.

இத்தனை துண்டுப்பிரசுரங்களிலும் மறுப்புரைகளிலும் நிலைத்தவை எவை? சமயத் தர்க்க நூல்கள் மிகுதியாக அச்சாயின. அச்சான தலைமுறையோடு போயின. நிலைத்தவற்றில் முதலாவது பாட்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் பாடல்களைத் திரட்டி, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பு கொண்டுவந்தார். எழுத்துத் தெரியாதவருக்கும் ஒரு நூல் முழுவதும் மனப்பாடமாக இருக்கலாம் என்பதைக் கீர்த்தனைப் புத்தகம் காட்டியது.

இரண்டாவது கதை. ஜான் பனியனின் நூல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழுக்கு வந்து, பின்னர் சாமுவேல் பவுல் ஐயரின் உரைநடையில் 'மோட்சப் பிரயாணம்' என்று வீடுகளில் வழங்கியது. அதே கதையைக் காவியமாக்கினார் கரையிருப்பு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. பாளையங்கோட்டை 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலான 'இரட்சணிய யாத்திரிகம்' கம்பனை அறிந்தவர்களுக்குப் பெருவிருந்து. பின்னாளில் மலாயாத் தோட்டங்களின் மாலை நேரத்துக்கோ உரைநடைதான் ஏற்றது. காவியத்தின் தகுதியை நான் குறைக்கவில்லை. அதைக் கேட்டு அனுபவிக்கத் தேவையான படிப்பு அன்று பலருக்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

மூன்றாவது தியான உரை. தாமஸ் கெம்பிஸின் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' கத்தோலிக்க வீடுகளில் இவ்வகையில் முதலிடம் பெற்றது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் 'வியாகுலப் பிரசங்க'மும் இதே குடும்பம். அதை எழுதிய கோவா நாட்டுக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் 1742இல் இறந்தார். அவர் நூல் இன்றும் குரலில் வாழ்கிறது.

கப்பலேறிய பெட்டி

கெடாவுக்கு இந்த நூல்கள் பினாங்கு வழியாக வந்தன. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள். 1882இல் பாகான் செராயில் ஃபே என்ற பிரெஞ்சுக் குரு தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே ஒரு விவசாயக் குடியேற்றத்தை அமைத்தார். புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜூலை மாதத்தில் கெடாத் தமிழர்கள் இன்றும் திரண்டு போகிறார்கள். கெடா 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு மாறிய பின் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் போனார்கள்.

மெர்கோங் நிலை வேறு. அது ரப்பர்க் காடு அல்ல. கெடாவின் நெல்வயல் சமவெளி. 1915இல் அலோர் ஸ்டாருக்கு ரயில் வந்தது. 1918இல் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு இணைந்தது. இந்தப் பக்கத்துத் தமிழர் வாழ்வில் பால்மரத்தைவிட ரயில்வேக்கும் அரசாங்க வேலைக்கும் பங்கு கூடுதல். ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தவர் மலாயா எங்கும் இருந்தார்கள். அவர்களில் ஆங்கிலமும் தமிழும் படித்த கிறிஸ்தவர்கள் பலர். தோட்டத்தில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டார்கள். நகரத்தில் அவரவர் தனியாக இதழ் வரவழைத்துப் படித்தார்கள். ஒரே மாநிலத்துக்குள் இரண்டு வாசிப்புப் பழக்கங்கள் இப்படி அடுத்தடுத்து இருந்தன.

வேதாகமமே ஒன்றாக இருக்கவில்லை. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் குடும்பங்கள் ஃபபிரிசியுஸ் மொழிபெயர்ப்பை விடாமல் வைத்திருந்தன. திருநெல்வேலி ஆங்கிலிக்கனும் மதுரை மிஷன்காரரும் 1871இல் முடிந்த ஹென்றி பவரின் மொழிபெயர்ப்பைப் படித்தார்கள். கத்தோலிக்கரிடம் வேதாகமத்தைவிடச் செபப்புத்தகமும் ஞானோபதேசமும் முன்னே நின்றன. எந்த மிஷன் எந்த ஊரில் பள்ளி நடத்தியதோ, அந்தப் புத்தகம் அந்த ஊர்க்காரரின் பெட்டியில் மலாயா வந்தது. பரிந்துரைப் பட்டியலை எழுதியது போதகரைவிடப் பிறந்த ஊர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

மலாயாவிலும் ஏற்பாடுகள் உருவாயின. வேதாகமச் சங்கம் 1882இல் சிங்கப்பூரில் கிளை வைத்து, பல மொழிச் சுவிசேஷப் பகுதிகளைத் தீபகற்பத்தில் விற்றது. 1885இல் வந்த மெதடிஸ்ட் மிஷன் 1890இல் அங்கேயே அச்சகம் தொடங்கியது. சாது சுந்தர் சிங் 1918இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிறகு மலாயாவுக்கும் வந்தார். எஜமானருக்கும் சீடனுக்கும் நடக்கும் உரையாடலாக அவர் 1922இல் வெளியிட்ட சிறு நூல் தமிழிலும் பரவியது. காவி உடுத்திய ஒரு கிறிஸ்தவர், உவமை உவமையாகப் பேசுகிறார். படிக்கத் தெரியாதவரும் கேட்டதை மறுநாள் திருப்பிச் சொல்லலாம்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஜித்ரா வழியாக அலோர் ஸ்டாருக்குள் வந்தது. 1943இல் கெடாவை ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. தோட்டத் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நாகப்பட்டினக் கப்பல் நின்றது. சென்னை, பாளையங்கோட்டை, யாழ்ப்பாண நூல்களின் வரத்தும் நின்றது. நினைவில் இருந்த கீர்த்தனையும் செபமாலையும் எந்தக் கப்பலையும் நம்பியிருக்கவில்லை. போர்க் காலத்தைத் தாங்கிய வாசிப்பு என்றால் அது மனப்பாடமாயிருந்த வாசிப்புதான்.

சபை மாறியது, பழக்கம் மாறியது

போருக்குப் பின் அமைப்புகள் உள்ளூர்மயமாயின. 1955இல் பினாங்கு கத்தோலிக்க மறைமாவட்டம் பிறந்தது. கெடா அதற்குள் அடங்கும். 1963இல் மலேசிய லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது. 1968இல் மெதடிஸ்ட் சபையும் அமெரிக்கத் தாய்ச்சபையிலிருந்து பிரிந்து நின்றது.

கத்தோலிக்கரைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். திருப்பலி தமிழுக்கு வந்தது. இறைவெளிப்பாடு பற்றிய 1965ஆம் ஆண்டுக் கொள்கைத் திரட்டு, விவிலியத்தை எல்லாரும் அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கு குருமடத்தில் ஒரு மாதம் கூடிப் பேசியதன் விளைவாக, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடி இறைவார்த்தை வாசிக்கும் சிறு குழுக்கள் வளர்ந்தன. தோட்டத்து உபதேசியார் ஒருவரே செய்த வேலையை இந்த வீட்டுக் கூட்டங்கள் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. மெர்கோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது.

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த 'திருவிவிலியம்' வெளிவந்தது. புராட்டஸ்டன்ட் சபைகளும் இதைப் பொதுவாக ஏற்றிருக்க வேண்டும்; பவர் நடையின் மீதுள்ள பற்று அதைத் தடுத்துவிட்டது. அந்தப் பற்றை நான் மதிக்கிறேன். பாட்டி மடியில் கேட்ட வசனத்தை யாரும் எளிதில் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தமிழ்ப் பள்ளியோடு தமிழ் வாசிப்பு முடிந்துபோன கெடா இளைஞர்களுக்குப் பழைய நடை பூட்டிய கதவாகத்தான் இருக்கிறது. அவர்கள் தியான நூல்களை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், அல்லது கைப்பேசியில் கேட்கிறார்கள். கேட்பது மறுபடி முன்னுக்கு வந்திருப்பதை நான் நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன். தோட்டங்கள் வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளுமாக மாறிய பின் சிதறிய கூட்டு வாசிப்பை மீட்க அது ஒரு வழி.

இன்று மெர்கோங்கில் ஒரு குடும்பம் தொடங்க விரும்பினால், கனமான விளக்கவுரையை முதலில் எடுக்க வேண்டாம். மாற்கு நற்செய்தியைத் திருவிவிலியத்திலிருந்து உரக்க வாசிக்கட்டும்; விரைவில் முடிந்துவிடும். கீர்த்தனையில் வாரம் ஒன்று பொருள் கேட்டுப் பாடட்டும். 'மோட்சப் பிரயாணம்' பிள்ளைகளுக்கு இன்னும் சுவைக்கும். யாராவது அதை இன்றைய மலேசியத் தமிழில் மறுபடி எழுதித் தந்தால் பெரிய உதவி. பிறகு 'கிறிஸ்துநாதர் அனுசாரம்'. நான்கு பகுதிகளில் 114 அதிகாரங்கள், பெரும்பாலானவை சில நிமிட வாசிப்பு. நாளுக்கு ஒன்று என்றால் நான்கு மாதத்துக்குள் முடியும். மூன்றாம் பகுதி கிறிஸ்துவும் சீடனும் மாறி மாறிப் பேசுவது. அதை ஒருவரே வாசிக்காமல் அப்பா ஒரு குரலும் மகள் ஒரு குரலுமாகப் பிரித்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குச் சீடனின் வரிகளைக் கொடுப்பது நல்லது. பல அதிகாரங்களில் அவை குறைவு.