மயிரிழை இடைவெளி

சென்ற மாதம் என் பேரன் ஆகாய விமானத்தோடு சாக்கோட்டைக்கு வந்து சேர்ந்தான். நேயர்கள் திகைக்க வேண்டாம். இறக்கையைக் கழற்றினால் அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிடும் விமானம் அது. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டே வந்துவிட்டான்.

வந்ததும் வராததுமாக வளவில் துண்டை விரித்து அதன் இஞ்சினை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் சாமான். பிறகு பையைத் துழாவினான். முகம் சுண்டிப் போயிற்று.

"ஐயா, ஃபில்லர் கேஜை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். டேப்பட் பார்க்காமல் இதை ஓட்டக் கூடாது."

டேப்பட்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 1965-ஆம் வருஷத்துக் கோடை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எங்கள் கிணற்றில் ஆயில் இஞ்சின் ஒன்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. தலைமாட்டில் இரண்டு இரும்புக் கைகள் ஏறி இறங்கி, 'டக் டக்' என்று ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். அப்பச்சிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்து ஸ்பானரைப் போட்டு, இடைவெளியே இல்லாமல் திருகை இறுக்கினார். சத்தம் நின்றது. அப்பச்சிக்குப் பரம திருப்தி. அவருக்குக் காபியும் ஐந்து ரூபாயும் கிடைத்தன. பத்தே நாளில் இஞ்சின் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. புகை போகும் வால்வின் விளிம்பு கரிந்து, எலி கடித்த பணியாரம் போல் ஆகியிருந்தது. புது வால்வு வந்து சேர்வதற்குள் மிளகாய்த் தோட்டம் முழுவதும் காய்ந்தது. அந்த வருஷம் அக்காளின் கல்யாணம் தள்ளிப் போனதற்கு ஊரார் ஜாதகத்தைக் காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு.

நடந்தது இதுதான். வால்வு நெருப்பிலே நிற்கிறது. சூடேறினால் அதன் தண்டு நீளும். நீளுவதற்கு இடம் விடாவிட்டால் அது தன் ஆசனத்தில் முழுதும் உட்காராது. உட்காரும் நேரத்தில்தான் தன் சூட்டை ஆசனத்துக்குக் கொடுத்து அது குளிர வேண்டும். அந்தச் சந்து வழியே சீறும் நெருப்பு விளிம்பைத் தின்றுவிடும். அப்பச்சி குறையென்று நினைத்த சத்தம், இஞ்சின் சௌக்கியமாக இருக்கிறது என்று சொன்ன சத்தம்.

நான்கு அடி இஞ்சினை ஜெர்மனியில் ஓட்டோ ஓட்டிக் காட்டியது 1876-இல். அது முதல் எத்தனையோ மாறிவிட்டன; இந்த இடைவெளிப் பிரச்னை மட்டும் கூடவே வந்தது. எங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், லண்டனை அடுத்த கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் பெற்றவர். நாடு விடுதலையடைந்த காலத்தில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியையும் நடத்தினார். கல்லூரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து டகோட்டா விமானத்துக்கு இரண்டு இஞ்சின். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். சிலிண்டருக்கு இரண்டு வால்வு. ஆக ஒரு விமானத்துக்கு 56 இடைவெளி! ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாக அளந்த மெக்கானிக்குகளின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

தரையிலும் இதே கதைதான். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட் மோட்டார் சைக்கிளில், பக்கத்து மூடியைத் திறந்து, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடை விரலால் சுற்றிப் பார்ப்பார்கள். அது தாராளமாகச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. பிற்காலத்து புல்லட்டுகளில் எண்ணெயின் அழுத்தத்தாலேயே தன்னைச் சரிசெய்துகொள்ளும் டேப்பட் வந்தபோது அந்த விரல் வித்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பொம்மை விமானங்களோ வெகுகாலம் இந்தத் தொல்லையே இல்லாமல் பறந்தன. 1930-களில் அமெரிக்காவில் பரவிய சிறு இஞ்சின்களெல்லாம் இரண்டு அடி ஜாதி. வால்வு கிடையாது, சிலிண்டர்ச் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே திறந்து மூடும். ஆனால் காது கிழியும். வால்வு வைத்த குட்டி இஞ்சினைத் தம் பட்டறையில் கடைந்து செய்தவர்கள் அங்கங்கே இருந்தார்கள். அதை ஆலையில் வரிசையாகச் செய்து கடைக்குக் கொண்டுவந்தது, ஒகாவா ஷிகேயோ 1936-இல் ஜப்பானில் தொடங்கிய ஓ.எஸ். கம்பெனி. எஃப்.எஸ்.-60 என்ற அந்த இஞ்சின் வந்த வருஷம் 1976. ஓட்டோவுக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து! கொள்ளளவு சுமார் 10 கன சென்டிமீட்டர்; அதாவது இரண்டு தேக்கரண்டி.

பேரன் கொண்டுவந்ததும் அதன் வம்சத்தில் வந்ததுதான். இதில் ஒரு விசித்திரம் உண்டு. எங்கள் கிணற்று இஞ்சினில் சூடேறினால் இடைவெளி குறையும். இதிலோ கூடும்! சிலிண்டர் அலுமினியம், அது எஃகுப் புஷ் ராடைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அப்படியானால் குளிர்ந்த நிலையில் சந்து எதற்கு என்று கேட்டேன். "ஓட ஓட வால்வு ஆசனத்தில் அழுந்தித் தேயும், ஐயா. தேயத் தேயச் சந்து குறைந்துகொண்டே வரும்" என்றான். அவன் சொன்ன கணக்கு 0.04 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 0.10-ஐத் தாண்டக் கூடாது என்பது. ஒரு தலைமயிரின் கனம் இந்த இரண்டுக்கும் நடுவிலே எங்கோ இருக்கும்.

நான் எழுந்து போய்ச் சவரப் பெட்டியிலிருந்து பிளேடு ஒன்றை எடுத்து வந்தேன். இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடின் கனம் 0.10 மில்லிமீட்டர். ஆயில் இஞ்சினுக்கு மூன்று பிளேடைச் சேர்த்து வைத்து அளந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேரன் புரொப்பெல்லரை மெல்லத் திருப்பினான். கையை எதிர்த்துத் தள்ளும் இடம் வந்தது. அதைத் தாண்டிப் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்தினான். அங்கேதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். புகை வால்வின் பக்கம் பிளேடு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. போகக் கூடாது. நட்டைத் தளர்த்தித் திருகைக் கொஞ்சம் உள்ளே விட்டான். நட்டை இறுக்கியபோது திருகும் கூடவே திரும்பிவிட்டது. இப்போது சந்தே இல்லை. மறுபடியும் தளர்த்தினான். மூன்றாம் முறை பிளேடு வாயிலிலேயே நின்றது. விரலால் அசைத்தபோது கை மட்டும் இம்மி அளவு ஆடி 'டிக்' என்றது.

"கேஜ் வந்ததும் இன்னொரு தரம் பார்த்துக்கொள்" என்றேன்.

சாயங்காலம் கண்மாய்ப் பொட்டலில் ஓட்டினான். மெதுவாக ஓடும்போது குனிந்து காது கொடுத்தேன். தட்டிக்கொண்டுதான் இருந்தது. பிளேடைத் துடைத்து உறையில் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் சவரத்துக்கு எடுத்தபோது கொஞ்சம் இழுத்தது.