வலிக்காத தீக்காயம்: லேசரும் கண்ணும்

இன்னிக்கு நான் பேசப்போறது லேசரால் கண்ணுக்கு வந்த ஆபத்தைப் பற்றி, அதை மனுஷங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்க என்பதைப் பற்றி.

1960 மே 16. கலிஃபோர்னியாவின் மாலிபுவில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் ஒரு சின்ன மாணிக்கக் கல் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். ஜூலையில் அதை அறிவித்ததும் பத்திரிகைகள் "மரணக் கதிர்" என்று எழுத ஆரம்பித்தன. 1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டையே ரெண்டாக அறுக்கப் பார்த்தது ஒரு லேசர். ஜனங்க பயந்தது உடம்பை அறுக்கும் கதிருக்கு. நிஜமான ஆபத்து அதைவிட ரொம்பச் சின்ன இடத்தில் இருந்தது, விழித்திரையில்.

கண் மருத்துவர்களுக்கு இது முழுக்கப் புதுசு இல்லை. 1945 ஜூலையில் நடந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் தீக்காயம் இருப்பதை ஜெர்மன் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத் கவனித்தார். ஒளி சுடும் என்றால், வேண்டிய இடத்தில் நாமே சுட்டுச் சிகிச்சை செய்யலாமே என்று யோசித்தார். முதலில் சூரிய ஒளியை வைத்தும், பிறகு ஸெனான் விளக்கை வைத்தும் செய்து காட்டினார். அந்தப் பாதை ஏற்கெனவே இருந்ததால்தான், லேசர் பிறந்து ரெண்டு வருஷம் ஆவதற்குள், 1961 டிசம்பரில், நியூயார்க்கில் சார்லஸ் கேம்பெல்லும் சார்லஸ் கோஸ்டரும் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை ரூபி லேசரால் அழித்தார்கள்.

மருந்தாவதும் விஷமாவதும் ஒரே குணம்தான். இருட்டில் நம்ம கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். அதற்குள் நுழையும் லேசர் கதிரை, கண்ணின் லென்ஸ் 20 மைக்ரான் அளவுள்ள ஒரு புள்ளியாகக் குவிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒளியின் செறிவு ஒரு லட்சம் மடங்குக்கு மேல் கூடுகிறது.

1964-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் நியோடிமியம்-யாக் லேசர் வந்தபோது சிக்கல் இன்னும் பெருசாச்சு. அதன் அலைநீளம் 1064 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, ஆனா விழித்திரை வரைக்கும் போகும். கண் சிமிட்டக் கால் நொடி ஆகும். அந்த லேசரின் ஒரு துடிப்போ சில நானோநொடியில் முடிந்துவிடும். விழித்திரைக்கு வலியும் தெரியாது.

1977-ல் ஒரு அமெரிக்க ஆய்வாளர் தன் கண்ணில் அப்படி ஒரு துடிப்பு பட்ட அனுபவத்தை 'லேசர் ஃபோக்கஸ்' இதழில் எழுதினார். கண்ணுக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம், உடனே பார்வையில் மிதக்கும் ரத்தம். பாதுகாப்புக் கண்ணாடி அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது. அவர் போட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். இதை வெறும் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். கதிரை நேராக்கிச் சரிசெய்யும்போது அது எங்கே விழுகிறது என்று பார்த்தாக வேண்டும். கண்ணாடியோ அதையே மறைக்கிறது. லேசர் விபத்துகளில் நிறைய இந்த வேலையின்போது நடப்பது அதனால்தான்.

விதிகள் மெதுவாகத்தான் வந்தன. 1968-ல் அமெரிக்காவில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1973-ல் லேசர் பாதுகாப்புக்கென முதல் தேசியத் தரநிலை. லேசர்களை 1 முதல் 4 வரை வகை பிரித்தார்கள். அரை வாட்டுக்கு மேல் போனால் நான்காம் வகை. அதில் சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கலாம். 1995-ல் வியன்னாவில், நிரந்தரமாகக் குருடாக்கவே செய்யப்படும் லேசர் ஆயுதங்களை ஓர் உடன்படிக்கை தடை செய்தது. போர்க்களத்தில் பரவுவதற்கு முன்பே ஓர் ஆயுதத்துக்குத் தடை வந்தது என்பது அபூர்வம்.

ஆனா கடைவீதிக்கு அந்தக் கவனம் வந்து சேரவில்லை. 2013-ல் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 122 லேசர் பாயின்டர்களைச் சோதித்தது. பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் விதிமுறைக்கு உட்படவில்லை. சில பச்சை பாயின்டர்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் கசியும். ஆய்வுக்கூடத்தில் தேர்ந்த விஞ்ஞானிக்கு நேர்ந்ததே, இன்னிக்கு ஒரு குழந்தைக்கு நேரலாம். பெட்டி மேல் '5 மில்லிவாட்டுக்குக் கீழ்' என்று போட்டிருக்கிறதே என்று நம்பி, அதை விளையாடக் கொடுத்துடாதீங்க.