முத்துக் கடலின் மறுகரையில்: போரும் முஸ்லிம் பெண் கவிதையும்

தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் முத்து என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. சுவனத்துப் பெண்களின் அழகைச் சொல்லும்போது திருக்குர்ஆனும் பேணிக் காக்கப்பட்ட முத்தையே உவமையாக்குகிறது (56:22,23). தமிழ்ப் புலவர்களோ பல்லுக்கு முத்து, முகத்துக்கு நிலவு என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். பாடியவர் பெரும்பாலும் ஆண், பாடப்பட்டவள் பெண்.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலும் சிலாபத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி என முத்துக் குளித்த ஊர்கள் உண்டு. 1990 அக்டோபரில் மன்னார், யாழ்ப்பாணம் உள்ளிட்ட வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அங்கே பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த நகைகளும் பறிக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று, கிழக்கே காத்தான்குடியில், இஷா தொழுகையில் இருந்த 100க்கும் மேற்பட்டோர் பள்ளிவாசல்களிலேயே கொல்லப்பட்டிருந்தார்கள்.

இதற்குப் பிறகு அந்தப் பழைய உவமைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பெண் தன்னைப் பற்றி என்ன எழுதுவாள்?

கிழக்கிலங்கை சாய்ந்தமருதைச் சேர்ந்த அனாரின் 'மேலும் சில இரத்தக் குறிப்புகள்' என்ற கவிதை இதற்கு ஒரு பதில். மாதந்தோறும் இரத்தம் கண்டு பழகிய ஒரு தாய், பிள்ளையின் விரல் அறுபட்டால் பதறுகிறாள். அங்கிருந்து கவிதை, வன்முறைக்கு ஆளான பெண்ணின் இரத்தத்துக்கும் போரில் சிந்தும் இரத்தத்துக்கும் போகிறது. அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் வீடும் நாடும் ஒரே உடலில் வலிப்பதை இத்தனை எளிமையாகச் சொன்ன கவிதைகள் குறைவு.

ஒரு ஆலிம் இதையெல்லாம் எடுத்துப் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். ஹைளுடைய சட்டங்களை மதரஸாவில் ஆண் பிள்ளைகளுக்கே ஓதிக்கொடுக்கிறோம். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். சகோதரன் ஸக்ருக்காகக் கன்ஸா (ரலி) பாடிய இரங்கற்பாக்களை அரபுலகம் இன்றும் ஓதுகிறது.

பாலஸ்தீனத்தில் மஹ்மூத் தர்வீஷ் போன்ற ஆண் கவிஞர்கள் தாய்நாட்டையே காதலியாக்கிப் பாடினார்கள். நாப்லஸின் ஃபத்வா தூக்கானோ தன் அகத்தை எழுதிக்கொண்டிருந்தவர். 1967 போருக்குப் பின் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் குரலாக மாறினார். அங்கேயும் பெண் பாடுபொருளாக நிற்கவில்லை, பாடியவளானாள்.

அனாரிடம் அழகு இல்லாமல் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 'உடல் பச்சை வானம்', 'பெருங்கடல் போடுகிறேன்' என்ற நூல் பெயர்களைப் பாருங்கள். கடல் அங்கே அவள் முகத்துக்கு உவமை அல்ல, அவள் செய்கிற காரியம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களையும் அவர் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் தொகுத்தார். என் பார்வையில் இதுவும் ஊரை மீட்கும் வேலைதான்.

மெல்சிரிபுரவைச் சேர்ந்த பஹீமா ஜஹானும் படிக்க வேண்டியவர். தொடங்குவதற்கு அ. மங்கை தொகுத்து 2007இல் வந்த 'பெயல் மணக்கும் பொழுது' நல்ல நூல். 1990இல் பிரிக்கப்பட்ட இரு சமூகத்துப் பெண்களும் அதில் ஒன்றாக இருக்கிறார்கள்.