பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கல ஆய்வு (சிங்கப்பூர்)

பெரோவ்ஸ்கைட் முதலில் ஒரு கனிமத்தின் பெயர். உரால் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட்டை 1839இல் ஆராய்ந்த ஜெர்மானியக் கனிமவியலாளர் குஸ்டாவ் ரோஸ், ருஷ்யர் லெவ் பெரோவ்ஸ்கியைச் சிறப்பிக்க அப்பெயரைச் சூட்டினார். அதே படிக அமைப்புள்ள பொருள்கள் எல்லாவற்றுக்கும் பின்னர் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று. சூரிய மின்கலத்துக்கு உரியது, ஈயமும் அயோடினும் கரிமச் சேர்மமும் கூடிய வகை. கரைசலைக் கண்ணாடியில் விட்டுச் சுழற்றி, ஏறத்தாழ 100 டிகிரியில் சூடேற்றினால் மஞ்சள் படலம் கண்முன்னே கருத்துவிடும். வேலை அவ்வளவுதான், சிலிக்கானையோ 1,400 டிகிரிக்கு மேல் உருக்கியாக வேண்டும்.

ஜப்பானில் மியாசாகா குழு 2009இல் செய்த முதல் கலத்தின் திறன் 3.8 விழுக்காடு. அடுத்த சில ஆண்டுகளில் திறன் ஏறிய வேகத்துக்குக் காரணம் தேடியவர்களில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் உண்டு. சம் சே சியன், நிருபன் மேத்யூஸ், சுபோத் மைசல்கர் ஆகியோரும் லோசானின் மைக்கேல் கிரேட்சலும் சேர்ந்து 2013இல் 'சயன்ஸ்' இதழில் விடை தந்தனர். ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற துளையும் குறைந்தது 100 நானோமீட்டர் தூரம் அழியாமல் செல்கின்றன. இரண்டும் ஏறக்குறைய சம தூரம். மலிவாக ஊற்றிச் செய்த படலத்தில் இது எதிர்பாராதது. அதே இதழில் ஆக்ஸ்ஃபோர்டு குழு, குளோரின் கலந்த வகையில் இன்னும் நீண்ட தூரத்தைக் காட்டியது. ஆயினும் துளை, எலக்ட்ரான் இரண்டின் சமநிலையைத் தெளிவாக்கிய பெருமை நன்யாங்கைச் சேரும்.

எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையானதை மிஞ்சிய சூரிய ஒளியின் ஆற்றல் நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் வெப்பமாக வீணாகிறது. படிகத்தைச் சில நானோமீட்டருக்குக் குறுக்கினால் குவாண்டம் விளைவால் அந்த ஆற்றல் வெப்பமாகும் வேகம் குறைகிறது என்று நன்யாங் குழு 2017இல் காட்டியது. வீணாகும் அந்த ஆற்றலைப் பிடிக்க இது ஒரு வழி.

ஈரம் இவ்வகைப் பெரோவ்ஸ்கைட்டின் எதிரி. சிங்கப்பூரிலோ காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மார்சிலிங்கை அடுத்த உட்லண்ட்ஸ் கரைக்கு அப்பால், ஜொகூர் நீரிணையில் 2021 முதல் 13,312 சூரிய மின்தகடுகள் உப்புக்காற்றில் மிதக்கின்றன. அவற்றின் உச்சத்திறன் 5 மெகாவாட். ஆனால் அவை சிலிக்கான் தகடுகள், பெரோவ்ஸ்கைட் அல்ல.