கழற்ற முடியாத முதுகு

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில், படப்பைக் கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான ஸ்டூடியோ ஒன்று இருந்தது. அதன் கண்ணாடி அலமாரியில் ஒரு யாஷிகா மேட் 124ஜி பல ஆண்டுகள் காட்சிப்பொருளாக நின்றது. இதில் டிஜிட்டல் பொருத்த வழியில்லையா என்று ஒருமுறை உரிமையாளரிடம் கேட்டேன். “பின்கதவு திறக்கும் தம்பி, தனியாக் கழண்டு வராது” என்றார். கேமராக்களின் வரலாற்றில் எது பிழைத்தது, எது ஒழிந்தது என்பதற்கு அந்த ஒரு வரியே போதுமான விளக்கம் என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது.

கோடாக் நிறுவனம் 1901-இல் அறிமுகப்படுத்திய 120 ஃபிலிம் சுமார் ஆறு சென்டிமீட்டர் அகலம் கொண்டது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் சாதாரண 35 மில்லிமீட்டர் படத்தைவிடப் பரப்பில் மூன்றரை மடங்கு பெரியது. மேல் லென்ஸில் பார்த்துக் கீழ் லென்ஸில் படமெடுக்கும் இரட்டை லென்ஸ் வடிவத்தை 1929-இல் ரோலிஃப்ளெக்ஸ் புகழ்பெறச் செய்தது. யாஷிகா அதன் மலிவான தம்பி. உதகையில் 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. இன்று அந்த ஆலை இல்லை. யாஷிகாவிலோ லென்ஸ், உடல், முதுகு மூன்றும் ஒரே பெட்டி.

ஸ்வீடனின் விக்டர் ஹாசல்பிளாட் 1948-இல் வெளியிட்ட கேமரா வேறு சிந்தனையில் பிறந்தது. லென்ஸ் தனி, உடல் தனி, ஃபிலிம் இருக்கும் முதுகு தனி. சுருள் முடியும் முன்பே கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறலாம் என்பதே அன்றைய பயன். 1969-இல் நிலவில் இறங்கியவர்கள் எடையைக் குறைக்கக் கேமராவை அங்கேயே விட்டுவிட்டு, ஃபிலிம் இருந்த முதுகை மட்டும் பூமிக்கு எடுத்து வந்தார்கள். டிஜிட்டலை அன்று யார் எண்ணியிருப்பார்கள்!

1990களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனத்தின் டிஜிட்டல் முதுகு வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று முறை தனித்தனியே எடுத்துச் சேர்க்கவேண்டும். அசையாத பொருள்களுக்கு மட்டுமே உதவும். குழந்தையை உட்காரவைத்து எடுக்க முடியாது. பின்னர் வந்தவற்றுள் பலவற்றில், ஷட்டர் திறந்ததை முதுகுக்குத் தெரிவிக்க லென்ஸின் ஃபிளாஷ் துளையிலிருந்து ஒரு கம்பி இழுக்கவேண்டியிருந்தது. ஹாசல்பிளாட் 2006-இல் விற்ற சிஎஃப்வி, 500 வரிசை உடல்களில் கம்பி இல்லாமலே இயங்கியது.

ஆனால் பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு. ஃபிலிம் சட்டம் 56 மில்லிமீட்டர் சதுரம். அந்தச் சென்சாரோ 37 மட்டுமே. 80 மில்லிமீட்டர் லென்ஸ் 120 போலக் குறுகிப் பார்க்கும். விரிகோண லென்ஸ் வாங்கியவர் ஏமாந்துபோவார். ஃபிலிம் சற்று வளைந்து கிடக்கும். சென்சார் கண்ணாடிபோல் தட்டையானது. அதனால் குவியத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்நிறுவனமே இன்னொரு கதவைச் சாத்தவும் செய்தது. 2002-இல் வந்த எச்1-இல் பிற நிறுவனங்களின் முதுகுகளும் பொருந்தின. 2006-இன் எச்3டி தன் முதுகை மட்டுமே ஏற்றது. வியாபாரக் கணக்கு புரிகிறது. ஆயினும் பிற நிறுவனத்து முதுகுக்குப் பெருந்தொகை கொடுத்திருந்தவர்களின் ஆத்திரம் எனக்கு நியாயமாகவே படுகிறது. விந்தை என்னவென்றால், 2024-இல் வந்த நூறு மெகாபிக்சல் சிஎஃப்வி 100சி, 1957-இன் 500சி உடலிலும் மாட்டிக்கொள்கிறது.

யாஷிகாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மிஞ்சியது நெகடிவ்களை ஒளிப்பெட்டியின்மேல் வைத்துப் பிரதியெடுக்கும் வழிதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. படப்பைக்காரரின் நெகடிவ்கள் அந்த வழியிலும் போகவில்லை. அவை முடிச்சூரில் அவர் வீட்டில் தகரப் பெட்டிகளில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து அவர் பெட்டியைத் திறந்தபோது, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. இரண்டைப் பிரிக்கப் பார்த்தார். ஒரு மணப்பெண்ணின் முகம் அடுத்த நெகடிவோடு உரிந்து போயிற்று. அதன்பின் அவர் எதையும் பிரிக்கவில்லை.